வெற்றிடத்தில் ஒரு பொறி: பேத்தியின் கணக்கும் என் பேரேடும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. அன்று நேரமில்லாமல் விட்டுப்போனதையும் சேர்த்து எழுதித் தரும்படி செயலாளர் கேட்டதால் இங்கே தருகிறேன்.)



உங்களில் பலருக்கு என்னை மெயின்டனன்ஸ் கணக்கைச் சரிபார்க்கிற ஆளாகத்தான் தெரியும். பி.காம். படித்து, வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து, எழுத்தராகவே ஓய்வு பெற்றவன். இப்படிப்பட்டவன் வெற்றிடம், எலக்ட்ரான் என்று பேச வந்திருக்கிறானே என்று உங்களுக்குத் தோன்றும். லிஃப்ட்டில் நடந்த ஒரு பேச்சுதான் அதற்குக் காரணம்.

பொங்கல் விடுமுறைக்கு என் பேத்தி வந்திருந்தாள். எம்.இ. கடைசி வருடம். லிஃப்ட்டில் நம்மவர் ஒருவர், "என்னம்மா ப்ராஜெக்ட் பண்ற?" என்று அன்பாகக் கேட்டார். "வெற்றிடத்துல இன்சுலேட்டர் மேல மின்சாரம் எப்படி ஓடுதுன்னு கம்ப்யூட்டர்ல சிமுலேஷன் போட்டுப் பாக்குறேன், அங்கிள்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே, "ஏம்மா, இன்சுலேட்டர்னாலே மின்சாரம் ஓடாது. வெற்றிடத்துல ஒண்ணுமே கிடையாது. ரெண்டையும் சேத்து வச்சு அதுல என்ன ஓடும்? இதனால யாருக்கு என்ன லாபம்?" என்றார். தளம் வந்துவிட்டது. கதவு திறந்தது. பேத்தி பதில் சொல்லவில்லை, எனக்கும் பதில் தெரியவில்லை.

நான்கு மாலை அவளை உட்கார வைத்துக் கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தப் பேச்சு. கேட்டவர் இதைப் படித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கேள்வி நல்ல கேள்வி.

முதலில் லாபத்தைச் சொல்லிவிடுகிறேன். வணிகவியல் படித்தவனுக்கு அதுதான் வரிசை.

1997 ஜூன் 4 அன்று இன்சாட்-2டி செயற்கைக்கோளை ஏவினார்கள். அந்த வருடம் அக்டோபர் 4 அன்று அதைக் கைவிட வேண்டியதாயிற்று. முழுதாக நான்கு மாதம். மின் விநியோகப் பாதையில் கோளாறு என்றார்கள். தேசியப் பங்குச் சந்தை அப்போது வி-சாட் தட்டுகள் வழியாகச் செயற்கைக்கோள் மூலம்தான் வர்த்தகம் நடத்தியது. அந்த வர்த்தகம் நின்றது. எங்கள் கிளையில் டீ நேரத்தில் அந்த வாரம் முழுக்க அதே பேச்சு. கம்பெனி முழுகினால் பங்கு விழும் என்று படித்திருக்கிறோம். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பெட்டிக்குள் மின்சாரம் தடம் மாறினால் சந்தையே சாத்தப்படும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அந்த நவம்பரில் அரபு நாடுகளின் அராப்சாட்-1சி என்ற, ஏற்கெனவே மேலே சுற்றிக்கொண்டிருந்த செயற்கைக்கோளை விலைக்கு வாங்கி, இன்சாட்-2டிடி என்று பெயர் வைத்துப் பயன்படுத்தினோம். செகண்ட் ஹேண்ட் கார் வாங்குவோம், செகண்ட் ஹேண்ட் செயற்கைக்கோளும் வாங்கியிருக்கிறோம்.

2010 ஜூலையில் இன்சாட்-4பியின் இரண்டு சூரியத் தகடுகளில் ஒன்றில் மின் கோளாறு. அதன் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை அணைக்க வேண்டி வந்தது. தமிழ்நாட்டில் பல வீடுகளில் டி.டி.எச். சேனல்கள் காணாமல் போனது உங்களுக்கு நினைவிருக்கலாம்.

இந்த இரண்டும் இன்சுலேட்டர் மேல் ஓடிய பொறியால் வந்தவை என்று நான் சொல்லவில்லை. வெளியில் அறிவித்தது மின் கோளாறு என்பது மட்டும்தான். மேலே மின்பாதை கெட்டால் கீழே என்ன ஆகும் என்று காட்டத்தான் சொன்னேன். பொறிதான் காரணம் என்று நிரூபணமான கதைகளுக்குப் பின்னால் வருகிறேன்.

இனி அந்தப் பொறி. நம் வடமதுரையிலேயே அதன் அண்ணன் இருக்கிறான். மாதக்கணக்கில் மழையில்லாமல் புழுதி பறக்கும். மின்கம்பத்துப் பீங்கான் மேல் அந்தப் புழுதியும், மில்கள் பக்கம் என்றால் பஞ்சுத் தூசியும் படியும். பிறகு ஒரு நாள் விடிகாலையில் லேசாகத் தூறல். பெருமழை என்றால் கழுவிவிடும், தூறல்தான் வம்பு. பீங்கான் மேல் "சுர்"ரென்று சத்தம், நீல வெளிச்சம், ஃபீடர் ட்ரிப். மின்சாரம் பீங்கானைத் துளைத்துக்கொண்டு போவதில்லை. ஈரமான அழுக்குத் தோலின் மேல் ஊர்ந்து போகிறது. அந்தத் தூரத்தைக் கூட்டத்தான் பீங்கானில் அடுக்கடுக்காகப் பாவாடை மாதிரி விளிம்பு வைத்திருக்கிறார்கள்.

"அது காத்துல நடக்குறது தாத்தா. அங்க தூசியும் இல்ல, ஈரமும் இல்ல, காத்தும் இல்ல. அப்பவும் ஓடும்" என்றாள் பேத்தி. நான் நம்பவில்லை.

கணக்கு இதுதான். காற்று ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 3,000 வோல்ட் தாங்கும். நல்ல வெற்றிடம் அதைப்போலப் பல மடங்கு தாங்கும். அலுமினா போன்ற பீங்கானின் உடம்பும் காற்றைவிடப் பல மடங்கு தாங்கும். ஆனால் வெற்றிடத்தில் இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே அந்தப் பீங்கானைத் தூணாக நிறுத்தினால், மொத்த ஏற்பாடும் வெற்றிடம் தனியாகத் தாங்கியதைவிட மிகக் குறைவாகத்தான் தாங்கும். கடன் வாங்குபவர் நாணயமானவர், ஜாமீன்தாரரும் நாணயமானவர், பத்திரம் மட்டும் ஓட்டை என்பது மாதிரி. இரண்டும் ஒட்டும் அந்தப் பரப்பில்தான் பலவீனம்.

அதிலும் ஓர் இடம் உண்டு. உலோகம், பீங்கான், வெற்றிடம் மூன்றும் கூடுகிற விளிம்பு. நான் அதற்கு முச்சந்தி என்று பெயர் வைத்தேன், பேத்திக்குப் பிடித்துப்போய் அவளும் அப்படியே சொல்கிறாள். உலோகமும் பீங்கானும் எவ்வளவு இழைத்துப் பொருத்தினாலும் நடுவே நுண்ணிய இடுக்குகள் இருக்கும். அங்கே மின்புலம் குவிந்து, எதிர்முனை உலோகத்திலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கி வெளியே தள்ளுகிறது.

கிளம்பிய எலக்ட்ரான் நேர்முனையை நோக்கி ஓடும்போது வழியில் பீங்கான் சுவரில் மோதுகிறது. மோதிய வேகத்தைப் பொறுத்து, சுவரிலிருந்து வேறு எலக்ட்ரான்கள் தெறிக்கின்றன. மிக மெதுவாக மோதினால் ஒன்றுக்கும் குறைவு. மிக வேகமாக மோதினால் உள்ளே ஆழமாகப் போய்ப் புதைந்துவிடுகிறது, அப்போதும் குறைவு. நடுவில் ஒரு வேகத்தில் ஒன்று போட்டால் ஒன்றுக்கு மேல் திரும்ப வருகிறது. தெறித்தவை மேலே தாவி, திரும்ப மோதி, இன்னும் சிலவற்றைத் தெறிக்க வைக்கின்றன.

இது எனக்குத் தெரிந்த விஷயம். கூட்டுவட்டி. ஒரு மோதலுக்கு 1.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 தாவலில் ஒன்று 117 ஆகிவிடும். 0.95 என்றால் ஆயிரம் கிளம்பினாலும் 50 தாவலில் 77தான் மிச்சம். கால்குலேட்டரில் போட்டுக் காட்டினேன். "இதைத்தான் தாத்தா எங்க சார் ரெண்டு கிளாஸ் எடுத்தாரு" என்றாள்.

இத்தோடு முடிந்தால் அது வட்டிக்கடைக் கணக்கு. ஆனால் அங்கே ஒரு திருப்பம் இருக்கிறது. வந்ததைவிட அதிகமாக எலக்ட்ரான்களைக் கொடுத்த சுவரில் பற்று விழுகிறது. அதாவது அந்த இடம் நேர்மின்னூட்டம் பெறுகிறது. நேர் ஆனதும் வெளியே போன எலக்ட்ரான்களைத் திரும்ப இழுக்கிறது. தாவல் குட்டையாகிறது, மோதும் வேகம் குறைகிறது, தெறிப்பும் குறைகிறது. கடைசியில் ஒன்றுக்குச் சரியாக ஒன்று என்று நிலைகொள்கிறது. பேலன்ஸ் டாலி ஆகிவிட்டதே, பிறகு ஏன் பொறி? ஏனென்றால் சுவரில் உட்கார்ந்த நேர்மின்னூட்டம் முச்சந்தியில் மின்புலத்தை மேலும் ஏற்றிவிடுகிறது. அங்கிருந்து இன்னும் அதிக எலக்ட்ரான்கள் வருகின்றன. இந்த ஓயாத மோதலில், பீங்கான் தோலில் ஒட்டியிருந்த வாயு கழன்று மேலே எழுகிறது. எவ்வளவு துடைத்தாலும் எந்தப் பொருளின் மேலும் மெல்லிய வாயுப் படலம் ஒட்டியிருக்குமாம். அந்த வாயு அயனியாகிறது. அப்புறம் என்ன, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரே மின்னல். நூறு கோடியில் ஒரு பங்கு விநாடி என்ற அளவில் சிலவோ, சில பத்தோ எண்ணுவதற்குள் கதை முடிந்துவிடும்.

லிஃப்ட்டில் கேட்டவருக்குப் பாதிப் பதில் இதுதான். வெற்றிடத்தில் ஓடுவதற்கு ஒன்றுமில்லை என்றீர்கள், சரி. ஓட வேண்டிய பொறி தனக்கான காற்றைச் சுவரிலிருந்து தானே பிய்த்து எடுத்துக்கொள்கிறது.

இவ்வளவு வேகமாக, இவ்வளவு சிறிய இடத்தில் நடப்பதை எப்படிப் பார்ப்பது? கேமரா பொறியைப் படம் எடுக்கும், பொறிக்கு முந்தைய எலக்ட்ரான் ஓட்டத்தைப் படம் எடுப்பது கடினம். அதனால் கணக்குப் போடுகிறார்கள். சிமுலேஷன் என்றால் ஏதோ கார்ட்டூன் படம் என்று நினைத்திருந்தேன். அவள் திரையைக் காட்டியபோது எனக்குப் பழைய பேரேடு ஞாபகம் வந்தது.

இடத்தை முழுக்கக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். எலக்ட்ரான்கள் எண்ண முடியாத அளவு, ஒவ்வொன்றாக எழுத முடியாது. நாங்கள் கேஷ் கவுண்டரில் ஒவ்வொரு நோட்டையும் பேரேட்டில் எழுதுவோமா? கட்டாகப் போட்டுக் கட்டுக் கணக்கு எழுதுவோம். அதே மாதிரி ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் எலக்ட்ரான்களை ஒரே கட்டாக வைத்து, அந்தக் கட்டு எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகம் என்று மட்டும் எழுதுகிறார்கள். ஒவ்வொரு கட்டின் மின்னூட்டத்தையும் சுற்றியுள்ள கட்ட மூலைகளுக்கு, எது கிட்டே இருக்கிறதோ அதற்கு அதிகமாக, பிரித்து வரவு வைக்கிறார்கள். வரவு முடிந்ததும் பாய்சான் சமன்பாடு என்ற ஒன்றைத் தீர்த்து ஒவ்வொரு மூலையிலும் மின்புலம் எவ்வளவு என்று கண்டுபிடிக்கிறார்கள். அந்தப் புலம் ஒவ்வொரு கட்டையும் எவ்வளவு தள்ளும் என்று பார்த்து நகர்த்துகிறார்கள். சுவரில் மோதியதா? தெறிப்பு அட்டவணையைப் பார். வாயுவில் மோதியதா? சீட்டுக் குலுக்கல் மாதிரி ஓர் எண்ணை எடுத்து, அயனியானதா இல்லையா என்று முடிவு செய். பிறகு அடுத்த படி.

ஒரு படி என்பது ஒரு விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. 10 லட்சம் கட்டுகளை 10,000 படிகள் நகர்த்தினால் 1,000 கோடிப் பதிவுகள். எங்கள் கிளையில் எல்லோரும் சேர்ந்து ஆயுள் முழுக்க எழுதினாலும் முடியாது. அவளுடைய லேப்டாப் ராத்திரி முழுக்க எழுதுகிறது.

கம்ப்யூட்டர் வரும் முன்பே கையால் இதைத் தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ரேடாருக்கு வேண்டிய மேக்னெட்ரான் என்ற வெற்றிடக் குழாய்க்குள் எலக்ட்ரான்கள் எப்படிச் சுழல்கின்றன என்று, மான்செஸ்டரில் டக்ளஸ் ஹார்ட்ரீ என்பவரின் குழுவினர் சில பத்து எலக்ட்ரான்களைப் படிப்படியாகக் கைக்கணக்கில் நகர்த்திப் பார்த்தார்கள். அந்த மேக்னெட்ரானின் வாரிசு உங்கள் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பில் உட்கார்ந்திருக்கிறது. அதற்குள்ளும் வெற்றிடம், அதற்கும் பீங்கான் காப்பு. யாருக்கு லாபம் என்ற கேள்விக்குச் சமையலறையிலும் ஒரு பதில் இருக்கிறது.

பொங்கல் மறுநாள் ராத்திரி ஒன்று நடந்தது. பதினொரு மணி நேரம் ஓடியிருந்த கணக்கு, விடிகாலை நாலரைக்குக் கரண்ட் போனதும் நின்றது. லேப்டாப் பேட்டரி பழசு, ஜென்செட் எடுப்பதற்குள் அணைந்துவிட்டது. எழுந்து பார்த்தால் பேத்தி இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

"நடுவுல எங்கயும் பேலன்ஸ் எடுக்கலையா தாயி?" என்றேன்.

"இல்ல தாத்தா, முடிஞ்சதும் எடுத்துக்கலாம்னு..."

எனக்குக் கோபம் வந்தது உண்மை. நாள் முடிவில் பேலன்ஸ் எடுக்காமல் நாங்கள் வீட்டுக்குப் போனதில்லை. ஒரு ரூபாய் இடித்தால் ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து தேடியிருக்கிறோம். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துத் திட்டவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். அதன் பிறகு ஆயிரம் படிக்கு ஒரு முறை கணக்கை வட்டில் எழுதி வைக்கும்படி மாற்றிக்கொண்டாள்.

இப்போது நிரூபணமான கதைகள். 1997இல், நம் இன்சாட்-2டி போன அதே வருடம், அமெரிக்காவில் டெம்போ-2, பி.ஏ.எஸ்-6 என்று இரண்டு செயற்கைக்கோள்களின் சூரியத் தகடுகளில் செல் வரிசைகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. ஒஹாயோவில் நாசாவின் ஆய்வகத்தில் அதே மாதிரித் தகட்டுத் துண்டை வெற்றிட அறையில் வைத்துப் பார்த்தார்கள். பக்கத்துப் பக்கத்துச் செல்களுக்கு நடுவே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. அதில் முதலில் ஒரு சின்னப் பொறி. அது தானாக அணைய வேண்டியதுதான். ஆனால் அது திறந்துவிட்ட பாதையில் தகட்டின் சொந்த மின்சாரமே பாய ஆரம்பித்தது. அடியிலிருந்த காப்புப் படலம் கருகிக் கரியானது. கரி மின்கடத்தி. இன்சுலேட்டராக இருந்தது கம்பியாகிவிட்டது, நிரந்தரமாக. பரிகாரம் எளிமையானது. அந்த இடைவெளியைச் சிலிகான் ரப்பரால் பூசி அடைத்தார்கள். பக்கத்துச் செல்களுக்கு இடையே வோல்ட் வித்தியாசம் அதிகம் வராதபடி வரிசையை மாற்றி அடுக்கினார்கள். நம் பாத்ரூமில் டைல்ஸ் இடுக்கைப் பூசுவது மாதிரிதான்.

முதல் சின்னப் பொறிக்கு மின்னூட்டம் எங்கிருந்து வருகிறது? சூரியனிலிருந்து கிளம்பும் கொந்தளிப்பு பூமியைச் சுற்றி வேகமான எலக்ட்ரான்களை நிரப்பும்போது செயற்கைக்கோளின் மேற்பரப்பு பல ஆயிரம் வோல்ட்டுக்கு மின்னேறிவிடும். அந்தச் சூரியனை உட்கார்ந்து கவனித்துவருகிற, 1899இல் நிறுவப்பட்ட ஆய்வகம் நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே, கொடைக்கானலில் இருக்கிறது. சீசனுக்குப் போய் பிரையண்ட் பூங்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம்.

2003 அக்டோபரில் ஜப்பானின் மிடோரி-2, ஏவி ஓர் ஆண்டுகூட ஆகாத செயற்கைக்கோள், 6 கிலோவாட் மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று 1 கிலோவாட்டுக்கு விழுந்து, செத்தது. துருவ ஒளி மண்டலத்தைக் கடக்கும்போது மின்னேறி, கம்பிக் கட்டில் பொறி பறந்து, கம்பிகள் ஒன்றோடொன்று சேர்ந்து எரிந்தன என்பது விசாரணையில் வந்த முடிவு. அதற்குப் பிறகுதான் ஜப்பானியர்கள் மஸ்கட் என்ற சிமுலேஷன் மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். ஒரு செயற்கைக்கோளின் எந்த மூலையில் எவ்வளவு மின்னேறும், எங்கே பொறி பறக்கும் வாய்ப்பு அதிகம் என்று ஏவுவதற்கு முன்பே கணக்குப் போட. அமெரிக்காவில் நாஸ்கேப் என்று ஒன்று அதற்கு முன்பே இருந்தது. இங்கே, காந்திநகரில் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் இஸ்ரோவோடு சேர்ந்து, சூரியத் தகட்டுத் துண்டுகளை வெற்றிட அறையில் வைத்துப் பிளாஸ்மாவைப் பாய்ச்சிப் பொறி வருகிறதா என்று சோதிக்கும் ஏற்பாட்டை அமைத்திருக்கிறது.

கம்பத்துப் பீங்கான் வெடித்தால் லைன்மேன் ஏணியோடு வருவார். 36,000 கிலோமீட்டருக்கு ஏணி கிடையாது.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கூட்டுவட்டியில் விகிதம் கொஞ்சம் தப்பினால் தொகை எங்கேயோ போய்விடும். 1.10 என்றால் 50 தாவலில் 117. 1.05 என்றால் 11தான். ஐந்து பைசா வித்தியாசத்தில் பத்து மடங்கு. அந்தத் தெறிப்பு அட்டவணையை யார் அளந்தது, எந்தப் பீங்கானில் அளந்தது? அவள் சங்கடப்பட்டாள். வேறு ஆய்வகங்கள் அளந்து வெளியிட்ட எண்களைத்தான் எடுத்திருக்கிறாள். பீங்கானின் சொரசொரப்பு, அதைச் சுத்தம் செய்த விதம், முன்பு பட்ட பொறிகள், எல்லாவற்றையும் பொறுத்து அந்த எண் மாறும். ஆகவே இத்தனை வோல்ட்டில் பொறி வரும் என்று அடித்துச் சொல்ல இந்தக் கணக்கை நான் நம்ப மாட்டேன். அவளும் அதற்கு நம்பவில்லை. இரண்டு வடிவங்களில் எது மேல் என்று ஒப்பிட நம்புகிறாள். ஆடிட்டில் நாங்களும் அப்படித்தான் பார்ப்போம். தொகை எவ்வளவு என்பதில் சந்தேகம் இருந்தாலும் எந்தக் கணக்கில் ஓட்டை என்பது தெரிந்துவிடும்.

அவள் ஒப்பிட்டது இது. நேரான தூண் ஒன்று. கவிழ்த்து வைத்த பூந்தொட்டி மாதிரி, எதிர்முனைப் பக்கம் அகலமாகவும் நேர்முனைப் பக்கம் குறுகலாகவும் 45 பாகை சாய்ந்த தூண் இன்னொன்று. நேரான தூணில் எலக்ட்ரான்கள் சுவரை உரசிக்கொண்டு தாவித் தாவி ஏறின. திரையில் அந்தச் சுவர் சிவப்பாகிக்கொண்டே வந்தது. பூந்தொட்டியில், முச்சந்தியிலிருந்து கிளம்பிய எலக்ட்ரான் நேரே மேலே போகிறது, சுவரோ உள்ளே சரிந்து விலகிப் போகிறது. மோதவே இல்லை. மோதல் இல்லாவிட்டால் வட்டி ஏது? இந்த வடிவம் அதிகம் தாங்கும் என்பது சோதனையில் பல காலமாகத் தெரிந்ததுதானாம். ஆனால் ஏன் தாங்குகிறது என்று என்னைப் போன்றவனுக்கும் புரிந்தது அந்தத் திரையைப் பார்த்த பிறகுதான்.

தீபாவளிக்கு வரும்போது மூன்றாவதாக ஒரு வடிவத்தோடு வருகிறாளாம், கம்பத்துப் பீங்கான் மாதிரி விளிம்பு வைத்தது. ஞாயிறு மாலை சங்க அறையில் லேப்டாப்பை வைத்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். லிஃப்ட்டில் கேள்வி கேட்டவர் முன்வரிசையில் உட்கார வேண்டும். யாராவது வீட்டில் நல்ல யு.பி.எஸ். இருந்தால் அன்று ஒரு நாளைக்குக் கொடுத்து உதவுங்கள்.